104-வது மெயில்: நிரல் வழியே அட்டாச்மென்ட் அனுப்பிக் கற்றவை

அன்று மாலை 103 பேருக்குச் சம்பளச் சீட்டு போய்ச் சேர்ந்திருந்தது. 104-வது மெயிலில் ஸ்கிரிப்ட் நின்றுவிட்டது. திரையில் வந்த பிழையின் பெயர் 'எஸ்எம்டிபி சென்டர் ரெஃப்யூஸ்டு'. எஸ்எம்டிபி என்பது மெயிலை சர்வருக்குக் கடத்தும் முறை; அனுப்புநரை ஏற்கவில்லை என்று பொருள். ஒரே மூச்சில் இவ்வளவு மெயில் போனதால் ஸ்பேம் என்று நினைத்து நம் முகவரியைத் தடுத்திருப்பார்கள், பத்து நிமிடம் விட்டு மிச்சத்தை அனுப்பலாம் என்று நாற்காலியை விட்டு எழுந்தேன். அப்போதுதான் கணக்குப் பிரிவிலிருந்து போன் வந்தது.

"தம்பி, எனக்கு வந்த மெயில்ல எத்தனை ஃபைல் அனுப்பியிருக்கீங்க?"

"ஒண்ணுதானே அக்கா. உங்க ஸ்லிப்."

"எண்பத்தேழு இருக்கு தம்பி. முதல் ஆளோட ஸ்லிப்லேருந்து என்னோடது வரைக்கும்."

பட்டியலில் அவர் 87-வது ஆள். அதைக் கேட்ட கணமே எங்கே தவறியிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கை நடுங்கியது நன்றாக நினைவிருக்கிறது.

ஸ்கிரிப்ட் எழுதிய பைத்தான் மொழியின் பழைய முறையில், மெயிலின் பகுதிகளைத் தாங்கும் மைம்மல்ட்டிபார்ட் என்ற ஆப்ஜெக்டை, ஆளுக்கு ஒருமுறை சுற்றும் லூப்புக்கு வெளியே ஒரே ஒருமுறை உருவாக்கியிருந்தேன். வணக்க வரி, கீழே கையொப்பம், லோகோ எல்லாம் எல்லோருக்கும் பொதுதானே, ஒவ்வொருவருக்கும் எதற்குத் திரும்பத் திரும்ப உருவாக்க வேண்டும் என்ற சிக்கன எண்ணம். லூப்புக்குள் முகவரியை மாற்றுவது, அவரவர் பிடிஎஃப்பை அட்டாச் செய்வது, அனுப்புவது. அட்டாச் என்ற கட்டளை இருப்பதன் மேல் இன்னொன்றைச் சேர்க்கும், பழையதை எடுக்காது. எனவே முதல் ஆளுக்கு ஒரு சீட்டு, இரண்டாம் ஆளுக்கு இரண்டு, 103-வது ஆளுக்கு 103.

இதில் எனக்கு அதிகம் உறுத்தியது வேறொன்று. இதே குணத்தை நான் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருந்தேன். அட்டாச்மென்ட் சேர்ப்பதற்கு முன், வெறும் எழுத்து மெயிலாகச் சோதித்த நாளில், இரண்டாவது மெயிலின் தலையில் இரண்டு 'டூ' வரிகள் இருந்தன. பழைய மெசேஜ் ஆப்ஜெக்டில் சதுர அடைப்புக்குள் ஹெடர் என்ற தலை வரியின் பெயரை எழுதி மதிப்புக் கொடுப்பது, ஒரு பெயருக்கு ஒரே மதிப்பை வைத்துக்கொள்ளும் டிக்ஷ்னரி போலவே இருக்கும். நடப்பது வேறு: முன்பிருந்த வரி அப்படியே இருக்க, இன்னொரு வரி கூடுதலாக விழும். அன்று அதைக் கண்டுபிடித்து, முகவரி வைக்கும் முன் பழையதை அழிக்கும் ஒரு வரியைச் சேர்த்தேன். அதே ஆப்ஜெக்ட், அதே குணம் என்றால் அட்டாச்மென்டும் அப்படித்தானே சேரும் என்று அடுத்த அடி யோசிக்கவில்லை. பிடிஎஃப் சேர்த்த பிறகு ஒரே ஒரு முகவரிக்கு அனுப்பிப் பார்த்தேன். ஒரு ஆளை மட்டும் வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை ஒருநாளும் கண்ணில் படாது. லூப்பை இரண்டாம் சுற்றிலும் மூன்றாம் சுற்றிலும்தான் சோதிக்க வேண்டும்.

சரி, 104-ல் ஏன் நின்றது? அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு சீட்டு ஏறத்தாழ 180 கேபி. மெயிலில் போகும்போது பேஸ்64 என்ற எழுத்து வடிவத்துக்கு மாறும். மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்து, அதாவது 240 கேபி. அதோடு 76 எழுத்துக்கு ஒருமுறை வரி முறியும், ஒவ்வொரு முறிவுக்கும் இரண்டு பைட். ஆக 246 கேபி சொச்சம். எங்கள் சர்வரின் வரம்பு 25 எம்பி, அதாவது 25,600 கேபி. வகுத்தால் 103 சீட்டுக்குத்தான் இடம். பட்டியலில் இருந்தவர்கள் 160 பேர். வரம்பு 50 எம்பியாக இருந்திருந்தால் ஸ்கிரிப்ட் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் முடிந்திருக்கும், ஸ்கிரிப்ட் எழுதும் பதிவான லாகில் 160 வெற்றி வரிகள் இருந்திருக்கும், கடைசி ஆள் கையில் மொத்த நிறுவனத்தின் சம்பளமும் இருந்திருக்கும்.

லாகும் அன்று உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நான்தான் படிக்கவில்லை. தொடக்கத்தில் மெயிலுக்கு மெயில் இடைவெளி ஒரு நொடிகூட இல்லை. கடைசியில் ஒவ்வொன்றுக்கும் பல நொடிகள். ஒரே அளவு ஃபைலை அனுப்பும் லூப் போகப்போக மெதுவாகிறது என்றால் ஏதோ ஒன்று சேர்ந்துகொண்டே வருகிறது என்று பொருள். இன்று எந்த ஸ்கிரிப்டிலும் ஒவ்வொரு மெயிலின் பைட் அளவையும் லாகில் எழுதுகிறேன். எண்கள் படிக்கட்டு போல ஏறினால் கண்ணுக்கு உடனே தெரியும்.

பிழையின் பெயர் ஏன் 'அனுப்புநர் மறுப்பு' என்று வந்தது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். எஸ்எம்டிபியில் அளவை முன்கூட்டியே சொல்லும் ஒரு நீட்சி உண்டு. 1995-ல் ஆர்எஃப்சி 1870 என்ற இணைய விதி ஆவணமாக வந்தது. சர்வர் அதை ஆதரித்தால், பைத்தானின் எஸ்எம்டிபி லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) 'இன்னார் அனுப்புகிறார், அளவு இவ்வளவு' என்று ஒரே வரியில் சொல்லிவிடும். அளவு மிஞ்சினால் சர்வர் உள்ளடக்கத்தை வாங்கிப் பார்ப்பதற்கு முன்பே, அந்த வரியிலேயே மறுத்துவிடும். மறுப்பு அனுப்புநரைச் சொல்லும் வரியில் வந்ததால் லைப்ரரி அதற்கு அனுப்புநர் மறுப்பு என்று பெயர் வைக்கிறது. பக்கத்திலேயே 552 என்ற எண்ணும், அளவு மிஞ்சிவிட்டது என்ற வாசகமும் இருந்தன. நான் பெயரை மட்டும் படித்துவிட்டு எழுந்தேன். மெயில் சர்வர் சொல்லும் மூன்று இலக்க எண்ணை முதலில் படியுங்கள். 4-ல் தொடங்கினால் பிறகு முயன்று பார்க்கலாம், 5-ல் தொடங்கினால் அதே மெயிலைத் திரும்ப அனுப்பிப் பயனில்லை.

அன்று மாலை செய்தவற்றையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது தேவைப்படலாம். போனை வைத்ததும் நேராக மேலாளரிடம் போய் நடந்ததை அப்படியே சொன்னேன். எத்தனை பேருக்கு, யார் யாருடைய சீட்டு போயிருக்கிறது என்ற பட்டியலை லாகிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அலுவலக முகவரிப் பெட்டிகளிலிருந்து அந்த மெயில்களை எங்கள் சர்வர் நிர்வாகியால் நீக்க முடிந்தது. சிலர் சொந்த முகவரி கொடுத்திருந்தார்கள். அவற்றைத் திரும்ப வாங்க வழியே இல்லை. எதிர்ப்பக்க சர்வர் 250, அதாவது வாங்கிக்கொண்டேன், என்று சொல்லிவிட்டால் மெயிலின் பொறுப்பு அதனிடம் போய்விடுகிறது. அவர்களை ஒவ்வொருவராக அழைத்து அழிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். தன் சம்பளம் மற்றவர்களுக்குத் தெரிந்துபோன ஒருவர் போனில் நீண்ட நேரம் பேசவே இல்லை. அந்த மௌனத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகுதான் மெயிலை அதன் மூல வடிவில் படிக்கப் பழகினேன். அதுவரை அட்டாச்மென்ட் என்றால் கடித உறைக்குள் செருகிய காகிதம் போல மெயிலோடு தனியாக ஒட்டிக்கொண்டு போகும் ஒன்று என்றுதான் மனதில் இருந்தது. அப்படித் தனியாக எதுவும் போவதில்லை. மெயில் என்பது மேலிருந்து கீழ்வரை ஒரே நீள எழுத்து. 1982-ல் எஸ்எம்டிபி வந்தபோது அது 7 பிட் ஆங்கில எழுத்துகளை மட்டும் கடத்தும் குழாய். ஒரு வரி, முறிவையும் சேர்த்து, 1000 எழுத்தைத் தாண்டக் கூடாது. அந்தக் குழாயை உடைக்காமல் படத்தையும் ஒலியையும் பிற மொழி எழுத்தையும் அதன் வழியே அனுப்ப நத்தானியேல் போரன்ஸ்டீனும் நெட் ஃப்ரீடும் வகுத்த முறைதான் மைம். 1992 ஜூனில் ஆர்எஃப்சி 1341 ஆக வெளியானது. அதற்கு முன்பே, மார்ச் 11 அன்று, போரன்ஸ்டீன் தன் பாடல் குழுவின் படத்தையும் பாட்டையும் இணைத்து ஒரு மெயில் அனுப்பிவிட்டார். இன்று நாம் அனுப்பும் சம்பளச் சீட்டும் அதே முறையில்தான் போகிறது.

மூலத்தைத் திறந்து பாருங்கள். கணினியில் திறக்கும் பெரும்பாலான மெயில் செயலிகளில் 'மூலத்தைக் காட்டு' என்று ஏதோ ஒரு மெனுவில் இருக்கும். தலையில் ஹெடர்கள். அதில் 'மல்ட்டிபார்ட் மிக்ஸ்டு' என்ற வகையும், பவுண்டரி என்று ஒரு தாறுமாறான எழுத்துக் கோவையும் இருக்கும். அந்தக் கோவைதான் வேலி. ஒவ்வொரு பகுதியும் இரண்டு சிறு கோடுகளும் அந்தக் கோவையும் கொண்ட வரியில் தொடங்கும். கடைசி வேலிக்கு மட்டும் பின்னாலும் இரண்டு கோடுகள். வேலிக்குக் கீழே அந்தப் பகுதிக்கே உரிய சின்ன ஹெடர்கள்: வகை, எந்த முறையில் எழுத்தாக்கப்பட்டது, ஃபைலின் பெயர். பிறகு ஒரு வெற்று வரி. அதன் பிறகு பேஸ்64 எழுத்துச் சுவர். இந்த வேலியைக் கையால் கட்டும் நிரல்களை இன்றும் பார்க்கிறேன். வெற்று வரி ஒன்று விட்டுப்போனால் போதும், அட்டாச்மென்ட் கடிதத்துக்குள் குப்பை எழுத்தாகக் கொட்டும். எந்த மொழியில் எழுதினாலும் இதைச் செய்ய நல்ல லைப்ரரி இருக்கிறது. கையால் கட்டாதீர்கள்.

அந்தச் சுவரின் முதல் சில எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொண்டது எனக்குக் கிடைத்த பெரிய லாபம். பிடிஎஃப் ஃபைல் எப்போதும் சதவீதக் குறியும் பி, டி, எஃப் எழுத்துகளும் கொண்டு தொடங்கும். அதை பேஸ்64 ஆக்கினால் ஜே, வி, பி, ஈ, ஆர் என்று வரும். ஜிப் என்றால் யு, ஈ, எஸ். எக்செல்லின் புதிய வடிவமும் வேர்டின் புதிய வடிவமும் உள்ளுக்குள் ஜிப் என்பதால் அவையும் அப்படியே.

ஒருமுறை வேறொரு குழுவிலிருந்து ஒருவர் வந்து, இன்வாய்ஸ் பிடிஎஃப் எந்தக் கணினியிலும் திறக்கவில்லை, நாள் முழுக்கப் பார்க்கிறேன் என்றார். மூலத்தைத் திறந்தோம். சுவர் பி, சி, எஃப், ஈ என்று தொடங்கியது. அது ஹெச்டிஎம்எல் பக்கத்தின் முதல் எழுத்துகள். பிடிஎஃப்பை இன்னொரு சேவையிலிருந்து இறக்கும் இடத்தில் லாகின் காலாவதியாகி, 'தயவுசெய்து உள்நுழையவும்' என்ற பக்கம் பிடிஎஃப் பெயரில் சேமிக்கப்பட்டிருந்தது. மெயில் அனுப்பும் நிரலில் ஒரு குறையும் இல்லை. அன்றிலிருந்து அட்டாச் செய்யும் முன் ஃபைலின் முதல் நான்கு பைட்டைப் பார்க்கும் இரண்டு வரி எல்லா இடத்திலும் இருக்கிறது. பெயரின் வாலில் பிடிஎஃப் என்று இருப்பது எதற்கும் சாட்சி இல்லை.

இன்னொரு முறை சுவர் எஸ், எல், இஸட், சி என்று தொடங்கியது. இது என்ன வகை ஃபைல் என்று கொஞ்ச நேரம் விழித்தோம். பேஸ்64 ஆக்கியதை மறுபடி பேஸ்64 ஆக்கினால் பிடிஎஃப் இப்படித்தான் தொடங்கும். எஸ்எம்டிபி வழியாக அனுப்பிக்கொண்டிருந்ததை ஒரு மெயில் சேவையின் ஏபிஐக்கு, அதாவது நிரல்கள் பேசுவதற்கென்று அந்தச் சேவை திறந்துவைத்த வாசலுக்கு, மாற்றியபோது வந்த கோளாறு. சில லைப்ரரிகள் பச்சை பைட்டுகளைக் கேட்டுத் தாமே மாற்றிக்கொள்ளும், சில ஏபிஐகள் நம்மையே மாற்றித் தரச் சொல்லும். இரண்டு பேரும் மாற்றினால் ஃபைல் கெடும், யாரும் மாற்றாவிட்டாலும் கெடும். ஆவணத்தில் அந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

பூஜ்யம் பைட் அட்டாச்மென்ட் வருகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, நினைவகத்திலேயே ஃபைலைத் தயாரிக்கிறீர்களா என்றுதான். நினைவக பஃபரில் எழுதி முடித்ததும், அடுத்து எங்கிருந்து படிப்பது என்று காட்டும் அதன் முள் கடைசியில் நிற்கும். அங்கிருந்து படித்தால் ஒன்றும் வராது. முள்ளைத் தொடக்கத்துக்கு நகர்த்துங்கள், அல்லது பஃபரின் மொத்த மதிப்பையும் கேட்டு வாங்குங்கள். டிஸ்கில் எழுதுபவர்கள் ஃபைலை மூடிய பிறகே அட்டாச் செய்ய வேண்டும். மூடாத ஃபைலின் கடைசிப் பகுதி இன்னும் டிஸ்குக்கு இறங்கியிருக்காது. படிக்கும்போது பைனரி முறையில் திறக்க வேண்டும் என்பதை எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லிவைக்கிறேன்.

நம்மைப் போன்றவர்களுக்கென்றே காத்திருக்கும் தொல்லை ஒன்று உண்டு: தமிழில் பெயர் வைத்த ஃபைல். 'சம்பளச்சீட்டு' என்ற சொல்லில் யூனிகோடு கணக்கில் 13 குறிகள். யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட், ஆக 39 பைட். மெயில் ஹெடரில் இதை அப்படியே வைக்க முடியாது. 1997-ல் வந்த ஆர்எஃப்சி 2231 சொல்லும் வழி, ஒவ்வொரு பைட்டையும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக எழுதுவது. 117 எழுத்து ஆகிவிட்டது, இன்னும் பிடிஎஃப் என்ற வால்கூட வரவில்லை. வரி நீண்டதால் பெயர் துண்டாகி, ஃபைல்நேம் பூஜ்யம், ஃபைல்நேம் ஒன்று என்று எண்ணிட்ட துண்டுகளாகப் போகும். சரியாகச் செய்தால் இன்றைய முக்கியமான மெயில் செயலிகள் இதைக் கூட்டிப் படித்துவிடுகின்றன.

சரியாகச் செய்யாத நிரல்தான் எங்கும் நகலெடுக்கப்பட்டுச் சுற்றிக்கொண்டிருக்கிறது. 'அட்டாச்மென்ட், அரைப்புள்ளி, ஃபைல்நேம் சமம்' என்று ஒரே சரமாக ஒட்டி, அதன் வாலில் ஃபைல் பெயரை நுழைப்பார்கள். மேற்கோள் குறி இருக்காது. பெயரில் இடைவெளி இருந்தால் முதல் சொல்லோடு பெயர் வெட்டப்பட்டு, வாலும் போய்விடும். தமிழ் எழுத்து இருந்தால் இன்னும் மோசம். லைப்ரரி அந்த முழு வரியையும் ஆங்கில எழுத்துக் குறியீடாக மாற்றிப் பொதி கட்டிவிடும். எதிரே படிக்கும் செயலிக்கு 'அட்டாச்மென்ட்' என்ற சொல்லே கண்ணில் படாது. ஜிமெயிலில் 'நோநேம்' என்றும் அவுட்லுக்கில் ஏடிடி என்று தொடங்கி எண்ணோடும் வரும் பெயரற்ற ஃபைல்கள் பெரும்பாலும் இப்படிப் பிறந்தவைதான். ஃபைல்நேம் என்பதைத் தனி அளவுருவாகக் கொடுத்தால் லைப்ரரியே முறைப்படி எழுதிக்கொள்ளும். ஒரே ஒரு காற்புள்ளி வித்தியாசம், ஆனால் அதில்தான் தமிழ்ப் பெயர் பிழைப்பதும் போவதும் இருக்கிறது. எதிர்ப்பக்கம் பழைய மென்பொருள் இருக்கிறது என்று தெரிந்தால் ஃபைலுக்கு எண்ணும் ஆங்கில எழுத்தும் கொண்ட சின்னப் பெயர் வைத்து, தமிழ்த் தலைப்பை மெயிலின் பொருள் வரியில் வைத்துவிடுங்கள். தோல்வி என்று நினைக்க வேண்டாம், பெறுபவர் ஃபைலைத் திறப்பதுதானே முக்கியம்.

சிஎஸ்வி, அதாவது காற்புள்ளியால் பிரித்த அட்டவணை ஃபைல், அனுப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மெயில் மூலத்தில், எழுத்துகள் எந்த முறையில் சேமிக்கப்பட்டவை என்று காட்டும் 'சார்செட் யுடிஎஃப்-8' தெளிவாக எழுதியிருக்கும். இருந்தாலும் பெற்றவர் எக்செல்லில் திறந்தால் தமிழ் எல்லாம் கொக்கி கொக்கியாகத் தெரியும். மெயிலில் சொன்ன சார்செட், டவுன்லோடு ஆகி டிஸ்கில் விழுந்த ஃபைலோடு கூடப் போவதில்லை. ஃபைலுக்குள்ளேயே அடையாளம் வைக்க வேண்டும். தொடக்கத்தில் பிஓஎம் என்ற மூன்று பைட் குறியோடு எழுதுங்கள். பைத்தானில் 'யுடிஎஃப்-8-சிக்' என்ற என்கோடிங் அதைத் தானே வைத்துவிடும்.

பகுதிகளின் அடுக்கு பற்றி இரண்டு வரி போதும். எழுத்து வடிவமும் ஹெச்டிஎம்எல் வடிவமும் 'ஆல்டர்னேட்டிவ்' என்ற கூட்டுக்குள். ஆல்டர்னேட்டிவ் என்றால் இவற்றில் ஏதாவது ஒன்றை மட்டும் காட்டு என்று பொருள். அட்டாச்மென்ட் அதற்கு வெளியே, 'மிக்ஸ்டு' கூட்டுக்குள். பிடிஎஃப்பை ஆல்டர்னேட்டிவ் உள்ளே வைத்தவர்களுக்குத்தான் 'லேப்டாப்பில் தெரிகிறது, போனில் அட்டாச்மென்டே இல்லை' என்ற புகார் வரும்.

பைத்தான்காரர்கள் பழைய மைம் வகுப்புகளை விட்டு ஈமெயில்மெசேஜ் என்ற புதிய வகுப்புக்கு வந்துவிடுங்கள். 3.6 பதிப்பிலிருந்து அது நிலையானது. முகவரி ஹெடரை இரண்டாம் முறை வைக்கப் பார்த்தால் பிழை எழுப்பி நிறுத்திவிடும். என் பழைய நிரல் இதில் இருந்திருந்தால், பழையதை அழிக்கும் அந்த ஒட்டுவேலையை நான் செய்யாத வரை, இரண்டாவது ஆளிடமே நின்றிருக்கும். அட்டாச்மென்ட் விஷயத்தில் மட்டும் இதுவும் சேர்த்துக்கொண்டேதான் போகும். எனவே ஆளுக்கு ஒரு புதிய மெசேஜ், லூப்புக்குள்ளேயே உருவாக்கி, அந்தச் சுற்றோடு விட்டுவிட வேண்டும். லோகோவை மீண்டும் மீண்டும் சேர்ப்பதால் ஆகும் செலவு மில்லி நொடிகள். நான் மிச்சம் பிடிக்கப் பார்த்தது அதைத்தான்.

அளவு விஷயத்தில் என் வழக்கம் இது: ஃபைலின் அளவைப் பார்ப்பதில்லை, மெசேஜை முழுதாக பைட்டுகளாக மாற்றி அந்த நீளத்தைப் பார்க்கிறேன். ஜிமெயிலின் வரம்பு 25 எம்பி என்றால் அதில் ஏறத்தாழ 18 எம்பி ஃபைல்தான் நிம்மதியாகப் போகும். அதுவும் நம் சர்வர் ஒப்புக்கொண்டால் போதாது, எதிர்ப்பக்க சர்வரின் வரம்பு இன்னும் சிறிதாக இருக்கலாம். 10 எம்பியைத் தாண்டினால் நான் அட்டாச் செய்வதை விட்டு, காலாவதித் தேதி வைத்த லிங்க் அனுப்புகிறேன். லிங்க் என்றால் தவறான ஆளுக்குப் போனாலும் அணைத்துவிட முடியும். அந்த மாலையில் எனக்குக் கிடைக்காமல் போன வசதி அதுதான். ஜிப்புக்குள் வைத்தால் எதுவும் போய்விடும் என்றும் எண்ண வேண்டாம். ஜிமெயில் இயங்கு ஃபைல்களையும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல்களையும் ஜிப்புக்குள் இருந்தாலும் தடுத்துவிடும்.

எந்த ஃபைல் யாருக்கு என்பதை வரிசையை நம்பிப் பொருத்தாதீர்கள். பெயர்ப் பட்டியல் ஒன்று, ஃபைல் பட்டியல் ஒன்று, இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து ஜோடி சேர்த்தால், நடுவில் ஒரு ஃபைல் உருவாகாமல் போன மாதம் அதற்குக் கீழே உள்ள அத்தனை பேருக்கும் அடுத்தவர் சீட்டு போகும். பிழைச் செய்தி எதுவும் வராது. பணியாளர் எண்ணை ஃபைல் பெயரிலும் வைத்து, அந்த எண்ணைக் கொண்டே தேடி எடுங்கள். கிடைக்கவில்லையா, அந்த ஆளுக்கு மெயில் போகக் கூடாது.

இப்போது என் ஸ்கிரிப்டில் அனுப்பும் வரிக்கு முன்னால் ஒரு சோதனைச் சாவடி இருக்கிறது. மெசேஜை பைட்டுகளாக்கி, அந்த பைட்டுகளைப் புதிதாக வந்த மெயிலைப் படிப்பது போல மறுபடி பாகுபடுத்துகிறது. அட்டாச்மென்ட்களை எண்ணுகிறது. ஒன்றுக்கு மேல் இருந்தால் நிறுத்தம். ஃபைல் பெயரில் உள்ள பணியாளர் எண்ணும் 'டூ' முகவரிக்குரிய எண்ணும் வேறானால் நிறுத்தம். 'டூ' வரியில் இருக்கும் முகவரியும், சர்வருக்கு உறையில் கொடுக்கும் முகவரியும் ஒத்துப்போகாவிட்டால் நிறுத்தம். எஸ்எம்டிபியில் இவை இரண்டும் வெவ்வேறு என்பது பலருக்குத் தெரியாது. மெயில் போவது உறையில் உள்ள முகவரிக்குத்தான், மேலே தெரிவது வெறும் எழுத்து. எல்லாம் சரியென்றால் மெசேஜை, மெயிலை முழுதாகச் சேமிக்கும் ஈஎம்எல் ஃபைலாக ஒரு பாதுகாப்பான ஃபோல்டரில் எழுதுகிறது. முதல் ஓட்டத்தில் எதுவும் வெளியே போகாது. அந்த ஃபோல்டரிலிருந்து முதலாவது, நடுவில் ஒன்று, கடைசியாவது என்று மூன்றைத் திறந்து என் கண்ணால் பார்க்கிறேன். பிறகுதான் இரண்டாம் ஓட்டம். அனுப்பப்பட்ட ஒவ்வொருவரும் உடனே பதிவேட்டில் ஏறுகிறார்கள், வழியில் அறுந்துபோனால் விட்ட இடத்திலிருந்து தொடர. ஈஎம்எல் ஃபைல்களை அன்றே அழித்துவிடுகிறேன், அவையும் சம்பள விவரம்தானே.

சில மாதங்களுக்கு முன், எல்லோருக்கும் பொதுவான விடுப்பு விதிச் சுற்றறிக்கையையும் சீட்டோடு சேர்த்து அனுப்பச் சொன்னார்கள். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் அந்த மாற்றத்தைச் செய்தார். முதல் ஆளிடமே ஸ்கிரிப்ட் நின்றது. 'அட்டாச்மென்ட் 2, எதிர்பார்த்தது 1.'

"அண்ணா, இந்த செக்கை 2-ன்னு மாத்திடவா?" என்று கேட்டார்.

எண்ணை மாற்றினால் வேறொருவருடைய சீட்டு இரண்டாவதாக நுழைந்தாலும் அது தாண்டிப் போய்விடும் என்று சொல்லி, 87-வது மெயிலின் கதையை முழுக்கச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எண்ணும் சோதனையை எடுத்து, ஆளுக்குரிய பெயர்ப் பட்டியலை வைத்தார்: இந்த எண்ணுக்குரிய சீட்டு ஒன்று, சுற்றறிக்கை ஒன்று, வேறு பெயர் எது இருந்தாலும் நிறுத்தம். என் சோதனையை விட அது நன்றாக இருக்கிறது. அன்று மாலை அதை வைத்துத்தான் அனுப்பினோம்.